சித்திரைப் பூக் கண்காட்சிக்கு நம் வாசலிலிருந்து ஒரு பூச்சாடி



ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் நுவரெலியா நகரமே வேறு மாதிரி ஆகிவிடும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் சனம் வந்து குவியும். சித்திரைப் புத்தாண்டு கழிந்த பிறகு விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். 1897ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிப் பெயர் வைக்கப்பட்ட பூங்கா அது. நம்மில் நிறையப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், பூவைப் பார்த்துவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவோம்.

அங்கே வரிசையாக வைத்திருக்கிற பூச்சாடிகளில் பலவற்றை வளர்த்த கை யாருடைய கை என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? பங்களாத் தோட்டத்தில் மண் கொத்தியவர், ஹோட்டல் வாசலில் பாத்தி போட்டவர், தவறணையில் நாற்று வளர்த்தவர் எல்லாம் யார்? பெரும்பாலும் நம்முடைய ஆட்கள்தான். ஆனால் சாடிக்குப் பக்கத்தில் உள்ள அட்டையில் எழுதியிருப்பது சாடிக்குச் சொந்தக்காரரின் பெயர். அதில் தப்பொன்றும் இல்லை, அதுதான் கண்காட்சி முறை. ஆகவே நம் பெயர் அந்த அட்டையில் வர வேண்டுமென்றால் நம் சொந்தச் சாடி ஒன்று அங்கே போக வேண்டும்.

"அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு ஐயா, நம்ம லயத்து வாசல்ல இருக்கிற டின் செடியை யாரு பார்க்கப் போறா?" என்று சொல்வார்கள். செடிக்கு லயமும் தெரியாது, பங்களாவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மண்ணும் தண்ணீரும் வெளிச்சமும், தன்னைக் கவனிக்கிற கையும்தான். ஒரு சாடியை எப்படிக் கண்காட்சிக்குத் தயார் செய்வது என்று முதலிலிருந்து சொல்கிறேன். பெரிய செலவு கிடையாது. ஆனால் ஏழு மாதப் பொறுமை வேண்டும்.

பார்வையிடுபவர் எதைப் பார்ப்பார்?

வீட்டுக்கு அழகாக இருக்கிற செடி வேறு, கண்காட்சிக்கு வைக்கிற செடி வேறு. நடுவர் முக்கியமாக ஐந்து விசயங்களைப் பார்ப்பார்.

1. செடி ஆரோக்கியமாக இருக்கிறதா? இலை மஞ்சளாகவோ, ஓட்டையாகவோ, பூச்சியோடோ இருக்கக்கூடாது.
2. வடிவம் ஒழுங்காக இருக்கிறதா? எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும்.
3. பூக்கள் அன்றைய தினம் நல்ல நிலையில் இருக்கின்றனவா? நேற்று மலர்ந்து வாடியதும், நாளை மலரப் போகிற மொட்டு மட்டும் இருப்பதும் உதவாது.
4. சாடிக்கும் செடிக்கும் பொருத்தம் இருக்கிறதா? பெரிய சாடியில் சின்னச் செடி வைத்தால் எடுபடாது.
5. சுத்தம். சாடியில் பாசி, மண் மேலே காய்ந்த இலை, துருப்பிடித்த கம்பி எதுவும் இருக்கக்கூடாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. எந்தப் பிரிவில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதைத்தான் கொடுக்க வேண்டும். "ஒரு சாடியில் ஒரு செடி" என்று போட்டிருந்தால் இரண்டு செடி வைத்த சாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். ஆகவே விதிகளை முன்கூட்டியே நுவரெலியா மாநகர சபையில் விசாரித்து வாங்கி, வாசிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தச் செடியை எடுப்பது?

நம் மலைநாட்டுக் குளிரில் டேலியா, பிகோனியா, ஜெரேனியம், ரோஜா எல்லாமே நன்றாக வரும். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது பியூசியா. காதுத் தொங்கட்டான் மாதிரி சிவப்பும் ஊதாவுமாகத் தலைகீழாகத் தொங்குமே, அந்தப் பூதான். தென் அமெரிக்க மலைப் பகுதிகளிலிருந்து உலகம் முழுவதும் பரவிய செடி. லியோன்ஹார்ட் பியூக்ஸ் என்ற ஜெர்மனிய மருத்துவரின் நினைவாக அந்தப் பெயர் வந்தது.

இதை எடுத்ததற்குக் காரணம் மூன்று. முதலாவது, கிளையை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். விதை வாங்கக் காசு தேவையில்லை. இரண்டாவது, இதற்குக் குளிரும் மூடுபனியும் பிடிக்கும்; கீழ்நாட்டுக்காரர் இதை வளர்ப்பது கஷ்டம், நமக்கு இலேசு. மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பியூசியாவை நன்றாக வளர்க்கும் இரகசியம் நுனி கிள்ளுவதில் இருக்கிறது. நுனி கிள்ளுவதில் நம் கொழுந்து எடுக்கும் பெண்களை மிஞ்சிய ஆள் உலகத்தில் உண்டா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "அபூர்வமான செடி வைத்தால் பரிசு கிடைக்கும்" என்று நினைத்துக் காட்டுக்குள் போய் ஓர்க்கிட்டையோ மரப்பெரணியையோ பிடுங்கி வராதீர்கள். ஒதுக்குக் காடுகளில் செடி பிடுங்குவது 1937ஆம் ஆண்டின் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். பரிசு தேடிப் போய் வழக்கில் மாட்ட வேண்டாம். அதோடு காட்டுச் செடி சாடியில் பெரும்பாலும் செத்துத்தான் போகும்.

பின்னாலிருந்து நாள் எண்ணுங்கள்

கலியாணத்துக்கு நாள் குறித்த பிறகு எப்படி ஒவ்வொரு வேலையாகப் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோமோ, அது மாதிரித்தான் இதுவும். உதாரணத்துக்குக் கண்காட்சி ஏப்ரல் 22ஆம் திகதி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வருசத்துத் திகதியைக் கேட்டு அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

• செப்டெம்பர் நடுப்பகுதி: கிளை வெட்டி நடுதல்
• ஒக்டோபர் நடுப்பகுதி: வேர் பிடித்த நாற்றைச் சின்னச் சாடிக்கு மாற்றுதல்
• நவம்பர் நடுப்பகுதி: முதல் நுனி கிள்ளுதல்
• டிசம்பர் கடைசி: இரண்டாவது கிள்ளுதல்
• ஜனவரி: கண்காட்சிச் சாடிக்கு மாற்றுதல்
• பெப்ரவரி: கடைசிக் கிள்ளுதல்
• மார்ச்: மொட்டு வரும் காலம், உரம் மாற்றுதல்
• ஏப்ரல்: சுத்தம் செய்தல், கொண்டு போதல்

கிளை நடுதல்

பூவும் மொட்டும் இல்லாத இளங்கிளையாகப் பார்த்து, மூன்று அங்குல நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். பாதி மணல், பாதி மக்கிய இலைமண் கலந்த பேணியில் நட்டு, தண்ணீர் தெளித்து, மேலே ஒரு வெள்ளைப் பொலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். தவறணையில் தேயிலைக் கன்றுக்குச் செய்வதும் இதுதானே. மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். ஒன்றை மட்டும் நடாதீர்கள். ஆறு நட்டால்தான் நல்லதாக மூன்றைப் பொறுக்கலாம்.

மண் கலவை

தோட்ட மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. இது போதும். தேயிலை மலையிலிருந்து மண் அள்ளாதீர்கள். தேயிலைக்கு ஏற்ற மண் புளிப்புத் தன்மை கூடியது, பியூசியாவுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. வேரைத் தின்னும் வட்டப்புழுவும் அதோடு வந்து சேரலாம். மலையின் மேல்மண்ணை அள்ளுவது தோட்டத்துக்கும் நட்டம். சமையல் கட்டில் மிஞ்சும் மரக்கறித் தோல், குடித்து முடித்த தேயிலைச் சக்கை, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் ஒரு குழியில் போட்டு மக்க வைத்தால் கூட்டெரு உங்கள் வீட்டிலேயே கிடைக்கும்.

சாடியின் அடியில் ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். ஓட்டைக்கு மேலே உடைந்த ஓட்டுத் துண்டு இரண்டைப் போட்டு அதன் பிறகு மண் போடுங்கள். வளரும் காலத்தில் பால்மா டின்னே போதும். கண்காட்சிக்குப் போகும் சாடி மட்டும் துருவில்லாத, ஐந்து ஆறு அங்குல வாயுள்ள மண்சாடியாக இருக்கட்டும்.

கிள்ளுவது ஏன்?

இதை நம் ஆட்களுக்கு விளக்குவது சுலபம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டாமல், கொழுந்து எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? மரமாக உயர்ந்து போகும். நுனியை எடுத்துக்கொண்டே இருப்பதால்தான் பக்கக் கிளை விட்டு மேசை மாதிரிப் படர்கிறது. செடியின் நுனியில் ஒரு வகைச் சத்து உண்டாகிறது. அதற்கு ஆக்சின் என்று பெயர். அது கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை முளைக்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனி போனால் அந்த அடக்குமுறை போய்விடும். பக்க மொட்டுகள் எல்லாம் கிளம்பும். தினமும் கையால் செய்கிற வேலையின் காரணம் இதுதான்.

பியூசியாவில் கணக்கு இப்படி. நாற்றில் மூன்று சோடி இலை நன்றாக விரிந்ததும் அதற்கு மேலுள்ள நுனியைக் கிள்ளுங்கள். ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் ஒரு கிளை வந்தால் ஆறு கிளை. அந்த ஆறும் இரண்டு சோடி இலை விட்டதும் மறுபடி கிள்ளினால் ஒவ்வொன்றிலும் நான்காக இருபத்துநான்கு கிளை. பெப்ரவரியில் கடைசியாகக் கிள்ளும்போது செடி பந்து மாதிரி அடர்ந்து நிற்கும். பூ வருவது கிளை நுனிப் பக்கத்தில்தான். கிளை கூடினால் பூவும் கூடும்.

கடைசிக் கிள்ளலின் திகதிதான் முழு விசயத்துக்கும் உயிர். ஒற்றை அடுக்குப் பூப் பூக்கும் வகை, கடைசியாகக் கிள்ளியதிலிருந்து சுமார் 60 நாளில் நன்றாகப் பூக்கும். அடுக்குப் பூ வகைக்கு ஏறக்குறைய 80 நாள் தேவை. ஏப்ரல் 22 என்றால் ஒற்றைப் பூவுக்குப் பெப்ரவரி 21, அடுக்குப் பூவுக்குப் பெப்ரவரி 1. ஆனால் குளிர் கூடினால் பூ பிந்தும், வெயில் கூடினால் முந்தும். ஆகவே மூன்று செடி வைத்திருப்பவர் ஒரே நாளில் மூன்றையும் கிள்ள வேண்டாம். ஒற்றைப் பூ வகையானால் ஒன்றைப் பெப்ரவரி 14, ஒன்றை 21, ஒன்றை 28 என்று கிள்ளுங்கள். வானம் எப்படி விளையாடினாலும் ஒன்றாவது சரியான நாளுக்கு வந்து நிற்கும். கிள்ளிய திகதியைச் சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதி வையுங்கள். அடுத்த வருசத்துக்கு அதுவே உங்கள் பாடப் புத்தகம்.

தண்ணீர், உரம், பனி, பூச்சி

தண்ணீர்: விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விடுங்கள். செடி வாடியிருக்கிறதென்று உடனே ஊற்றக்கூடாது. தண்ணீர் கூடி வேர் அழுகினாலும் செடி வாடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பீலியில் தண்ணீர் குறையும் காலம். குடிக்கிற தண்ணீரைச் செடிக்குக் கொட்டச் சொல்லவில்லை. அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரே ஒரு சாடிக்குப் போதும்.

உரம்: ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி மாட்டுச் சாணத்தை ஒரு வாரம் ஊற வைத்து வடித்தெடுங்கள். அதைப் பிளேன்டி நிறம் வரும்வரை தண்ணீர் விட்டுக் கலந்து பத்து நாளுக்கொரு தடவை ஊற்றலாம். மொட்டுக் காணும் சமயம் அடுப்புச் சாம்பல் ஒரு தேக்கரண்டி, ஒரே ஒரு தடவை மண்ணில் கலந்துவிடுங்கள். அதில் பூவுக்கு உதவும் பொட்டாசியம் இருக்கிறது. மலைக்குப் போடும் யூரியாவைக் கொண்டு வந்து போடாதீர்கள். தோட்டத்துப் பொருளை எடுப்பது முதல் தப்பு. அது இலையைத்தான் தள்ளும், பூவைத் தள்ளாது என்பது இரண்டாவது.

உறைபனி: ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற இரவில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். அன்று சாயங்காலமே சாடியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பழைய சாக்கினால் மூடுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

பூச்சி: இலைக்கு அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை ஈயும் செஞ்சிலந்தியும் அங்கேதான் குடியிருக்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரத்தைக் கரைத்து, முதலில் ஒரு இலையில் தெளித்துப் பார்த்து, கருகாவிட்டால் இலையின் அடிப்பக்கமாகத் தெளியுங்கள். இலை அடியில் செம்மஞ்சள் தூள் மாதிரிக் கண்டால் அது துரு நோய். அந்த இலையைக் கிள்ளி எரித்துவிடுங்கள். மூடுபனி நாட்களில் சாம்பல் பூஞ்சணம் வராமலிருக்க, உதிர்ந்த பூவை மண்ணின் மேல் கிடக்க விடாதீர்கள்.

மலைக்கு அடிக்கும் மருந்தைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது. லயத்து அறைக்குள் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் நஞ்சு இருப்பது எவ்வளவு ஆபத்து என்று நமக்கெல்லாம் தெரியும். ஒரு பூச்சாடிக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

கடைசி மூன்று வாரம்

சாடியை மூன்று நாளுக்கொரு தடவை கால் வட்டம் திருப்பி வையுங்கள். திருப்பாவிட்டால் செடி வெளிச்சத்தின் பக்கமே சாய்ந்துவிடும். காலை வெயில் நல்லது, உச்சி வெயில் வேண்டாம். ஏப்ரலில் பின்னேர மழை இடியோடு வந்து பூவையெல்லாம் அடித்து உதிர்த்துவிடும். ஆகவே மொட்டு விரியத் தொடங்கியதிலிருந்து கூரைக்குக் கீழே, ஆனால் வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள்.

கிளை தாழ்ந்தால் மெல்லிய மூங்கில் குச்சி ஊன்றி, வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். குச்சி வெளியே தெரியாமல் இலைக்குள் மறைந்திருக்கட்டும். பூ முடிந்த இடத்தில் காய் பிடிக்கும். அதைக் கிள்ளிவிட்டால்தான் தொடர்ந்து பூக்கும்.

முதல் நாள் காலையில் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சாடியின் வெளிப்பக்கத்தைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவுங்கள். மஞ்சள் இலை, வாடிய பூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மண்ணின் மேல் கொஞ்சம் புதிய இலைமண்ணைத் தூவுங்கள்.

கொண்டு போவது

ஏழு மாதம் வளர்த்ததை ஒரு மணித்தியால பஸ் பயணத்தில் கெடுத்துவிடக்கூடாது. ஒரு அட்டைப் பெட்டிக்குள் சாடியை வைத்து, சுற்றிலும் பழைய பத்திரிகையைத் திணித்து, சாடி அசையாதபடி செய்யுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே டிவிசனில் நாலைந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு முச்சக்கர வண்டியைப் பங்கு போட்டுப் பிடிக்கலாம். வாடகைக்கென்று கடன் வாங்காதீர்கள். சாடி ஒப்படைக்கும் நாள் வேலை நாளாக இருந்தால் எல்லோரும் சம்பளத்தை விட வேண்டியதில்லை. ஒருவர் போய் எல்லோருடைய சாடியையும் ஒப்படைக்க முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

பெயர் எழுதும்போது

விண்ணப்பத்தில் வளர்த்தவர் பெயரை எழுதுங்கள். தண்ணீர் ஊற்றியது பாட்டி, கிள்ளியது மகள் என்றால் அவர்கள் பெயர்தான் வர வேண்டும். வீட்டுத் தலைவர் என்பதற்காக மட்டும் ஆம்பிளைப் பெயரைப் போடாதீர்கள். அடையாள அட்டையில் எப்படி எழுத்து இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். முகவரியில் தோட்டம், டிவிசன் இரண்டையும் போடுங்கள். "தோட்டம் என்று போட்டால் மதிக்க மாட்டாங்க" என்று சிலர் பட்டண முகவரியைக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நாம் மறைக்க வேண்டிய முகவரி அல்ல அது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட காலத்திலிருந்து இந்த மலைகளைப் பச்சையாக வைத்திருக்கிறவர்களின் முகவரி.

பரிசு கிடைக்காவிட்டால்?

முதல் வருசம் கிடைக்காமல் போகலாம். பக்கத்தில் பரிசு வாங்கிய சாடியை நின்று பாருங்கள். கிளை எத்தனை, பூ எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்தச் சாடி, எவ்வளவு உயரம் என்று பிள்ளையின் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கும் போய்ப் பாருங்கள். 1861இல் காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. குளிர் நாட்டுப் பூச்செடிகளும் பெரணிகளும் நம் மண்ணில் எப்படி வளர்கின்றன என்று அங்கே நேரில் காணலாம்.

வீட்டுக்குத் திரும்பிய செடியை மூலையில் போட்டுவிடாதீர்கள். பூ முடிந்ததும் கிளைகளைப் பாதியாக வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். செப்டெம்பரில் அதிலிருந்து பத்துக் கிளை நட்டுப் பக்கத்துக் காம்பராக்களுக்கும் கொடுங்கள். மிஞ்சியதைச் சின்னச் சாடியில் வைத்து விற்றால் கைச்செலவுக்குக் காசும் வரும்.

கண்காட்சியில் கலந்துகொள்ள விரும்புகிற குடும்பங்கள் ஓகஸ்ட் முடிவதற்குள் உங்கள் டிவிசன் நலன்புரி உத்தியோகத்தரிடமோ பிள்ளை மடுவத்திலோ பெயரைச் சொல்லி வையுங்கள். பியூசியா உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குக் கிளை கொடுத்து உதவுங்கள். செப்டெம்பர் நடுப்பகுதியில் கிளை வெட்டும் வேலையை எல்லோரும் ஒன்றாகச் செய்வோம்.